பாசிமணிப் பனங்காடை

ஜபல்பூர்
21.10.2024

அன்புள்ள யுவாவுக்கு, அக்கா எழுதுகிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் மாமாவுக்கு முதுகு வலி, எனக்கு வழக்கமான சளி. நீயும் கங்காதரனும் காவ்யாவும் சுகமாக இருக்க வேண்டும்.

என் போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. கடைக்காரன் இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று இழுக்கிறான். மாமா போனைத் தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்தால் மனுஷன் தூங்கத்தான் வருகிறார், அவரையும் தொந்தரவு செய்யாதே. கொஞ்ச நாளைக்குக் கடிதமே எழுதுவோம். கல்யாணமான புதிதில் நான் மேடக்கில் இருந்தபோது எழுதிக்கொண்டோமே, அந்த மாதிரி.

இன்னொன்று. இனிமேல் என்னால் இறகு அனுப்ப முடியாது. முட்டி வலிக்கிறது, ஆற்றங்கரைக்கு நடக்கப் போவதில்லை. பறவைகளும் முன்னைப்போல வருவதில்லை. உன்னிடம் மிச்சம் இருப்பதை வெளியே எடுக்காதே. நீ போட்டாயே ஒரு வீடியோ, அதையும் எடுத்துவிடேன். கண் படும்.

காவ்யாவைப் படிக்கச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஜெயப்பிரியா


ஆவடி
2.11.2024

அன்புள்ள அக்காவுக்கு யுவராணியின் வணக்கம்.

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. காவ்யாவுக்கு வெடிப்புகையில் இருமல், மற்றபடி நாங்கள் சௌக்கியம். உன் சளிக்குக் கற்பூரவல்லியைக் கொதிக்க வைத்துக் குடி. அங்கே கிடைக்காது என்று சொல்லாதே, மாமா தொட்டியில் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

அக்கா, முட்டி வலி என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பறவையே இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் சந்தேகம் வருகிறது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்? ஏதோ கோபம் என்றால் வெளிப்படையாகத் திட்டிவிடு.

நம் தொழிலே அப்படித்தானே இருக்கிறது. ஊர் ஊராகப் போகிறவள் நீ, ஊசி பிடிக்கிறவள் நான். மாமாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு புதுப் பறவை கிடைக்கும். மேடக்கில் மீன்கொத்தி, இட்டார்சியில் தேன்சிட்டு, ஜபல்பூரில் பனங்காடை. நீ பார்த்ததை எழுதி, கீழே கிடந்த இறகையும் உறைக்குள் போட்டு அனுப்புவாய். அதே நிறத்தில் பாசிமணி தேடி நான் பாரிஸ் கார்னர் கடைகளில் அலைவேன். கெட்டித் துணியில் பாசியை வரிசை வரிசையாகத் தைத்து, நெஞ்சுக்கு அடியில் அந்தப் பறவையின் இறகை வைத்து, உள்துணி போட்டு மூடிய பிறகுதான் கண்ணுக்குக் கறுப்பு மணி வைப்பேன். இறகு இல்லாமல் தைத்தால் அது வெறும் மணிதான், பறவை இல்லை. இது பைத்தியம் என்று கங்கா சொல்கிறார். இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் கொடுத்த அம்மா கேட்ட கழுத்தணியைப் போன வாரம் முடித்து அனுப்பிவிட்டேன். பனங்காடை. உட்கார்ந்திருந்தால் நம் வீட்டு வாசல் குருவி மாதிரி ஒன்றுமே இல்லாமல் இருக்கும், சிறகை விரித்தால் அத்தனை நீலம் எங்கே வைத்திருந்தது என்று தோன்றும் என்று எழுதியிருந்தாயே, அப்படியே செய்தேன். இரண்டு சிறகும் இரண்டு தோள்பட்டை எலும்பின் மேல் விரிந்து கிடக்கும். முடித்த அன்று நானே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது, கழற்றவும் மனசு வரவில்லை.

வீடியோவை எடுக்க மாட்டேன். அதைப் பார்த்துத்தான் ஆர்டரே வருகிறது. சீக்கிரம் போனைச் சரி செய். எழுதி எழுதி விரல் வலிக்கிறது.

அன்புத் தங்கை,
யுவராணி


ஆவடி
18.11.2024

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. அடுப்பில் போட்டாலும் சரி. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் மாமாவும் நலமா? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், இனி சொல்கிறேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன். குளிப்பதற்கு மட்டும்தான் போனில் இருக்கிறவர் அனுமதி கொடுக்கிறார்.

போன வாரம் கங்கா ஷிப்டுக்குப் போன பிறகு ஒரு வீடியோ கால் வந்தது. காக்கிச் சட்டை, பின்னால் கொடி, சுவரில் முத்திரை. வனவிலங்குக் குற்றப் பிரிவு என்றார். நல்ல தமிழில்தான் பேசினார், ஆனால் நம் பக்கத்துத் தமிழ் இல்லை. "மேடம், நீங்க சிங்கப்பூருக்கு அனுப்பின பார்சலை மும்பையில பிரிச்சிருக்கோம். உள்துணிக்குக் கீழே என்ன வெச்சிருந்தீங்கன்னு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

உள்துணிக்குக் கீழே இருப்பது நமக்குள்ளேதானே தெரியும்? பிரித்துப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்? பனங்காடை பாதுகாக்கப்பட்ட பறவையாம். இறகை வைத்திருந்தாலே குற்றம், அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் கடத்தலாம். என் பெயர் போட்ட வாரண்டைக் காட்டினார். அப்பா பெயர்கூடச் சரியாக இருந்தது.

என்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருப்பதாகச் சொல்கிறார். வீட்டிலேயே சிறை. கங்கா வேலைக்குப் போனதும் போனை எதிரில் நிறுத்தி வைத்து கேமரா முன்னாலேயே உட்கார வேண்டும். யாருக்கும் போன் செய்யக் கூடாது, யார் அனுப்பிய செய்தியையும் திறக்கக் கூடாது, எல்லாம் அவர்கள் பக்கத்தில் தெரியுமாம். கங்காவிடம் சொன்னால் அவரையும் வழக்கில் சேர்ப்பார்களாம். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் வீட்டில் கடத்தல் என்றால் வேலை அன்றைக்கே போகும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்கிறார். மேனாம்பேட்டில் கண்டவன் நிலத்தில் களை பிடுங்கிய குடும்பம் அவருடையது. அவர்கள் வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளம் இவருடையதுதான், அதுவும் என் ஊசியால் போனால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

பயமாக இருக்கிறது அக்கா. சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. உன்னிடம் சொல்ல அவர் அனுமதி இல்லை, ஆனால் தபாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நாகம்மாக்கா கையில் கொடுத்துத்தான் பெட்டியில் போடச் சொல்கிறேன். என்ன செய்வது என்று எழுது.

ராணி


ஜபல்பூர்
27.11.2024

அன்புள்ள யுவாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். நீ சாப்பிட வேண்டும், அது முக்கியம். கஞ்சியாவது குடி.

அவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள். எதிர்த்துப் பேசாதே. கங்காதரனிடம் சொல்லாதே. போலீஸ் நிலையத்துக்கும் போகாதே, அவர்களும் இவர்களும் ஒன்றுதான். காலை முதல் அழைப்பை மட்டும் தவறவிடாதே, அதற்குத்தான் ரொம்பக் கத்துவார்கள். மற்ற நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

எனக்குப் போன் செய்யாதே. கடை இன்னும் தரவில்லை.

எல்லாம் ஒரு நாள் முடியும். மழைக்காலம், காவ்யாவை நனைய விடாதே.

அக்கா


ஆவடி
10.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே புயல் வந்து போனது. குவார்ட்டர்ஸ் தெருவில் முழங்கால் தண்ணீர். எல்லோரும் கரண்ட் போச்சே என்று புலம்பினார்கள். நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். போனில் சார்ஜ் இல்லை, அவர் கூப்பிட முடியவில்லை, அன்று முழுக்கத் தூங்கினேன். புயலுக்கு நன்றி சொன்னவள் ஆவடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ சொன்னது சரி. காலை அழைப்புக்குத்தான் கத்துகிறார். அதில் மட்டும் தாமதிப்பதே இல்லை. ஜபல்பூரில் இருந்துகொண்டு உனக்கு எப்படி இதெல்லாம் தோன்றுகிறதோ, அக்கா என்றால் அக்காதான்.

தைக்க உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. பாசி ஊசி முடியை விட மெல்லிசு, நடுங்கும் கைக்கு அது கட்டுப்படுமா? எவர்சில்வர் தட்டில் கொட்டி வைத்த நீலப் பாசி அப்படியே தூசி படிந்து கிடக்கிறது. நேற்று ஜன்னல் கட்டையில் ஒரு புறா உட்கார்ந்து இறகை உதறியது. நான் கத்திவிட்டேன். ஓடிப் போய்க் கீழே விழுந்த இறகைப் பொறுக்கி வெளியே வீசினேன். புறா இறகுக்குக்கூடப் பயப்படுகிற நிலைமை எனக்கு.

கங்கா கவனித்துவிட்டார். "இன்னா ராணி, மூஞ்சே செரியில்ல. ஒடம்புக்கு இன்னா கீது? டாக்டராண்ட போலாமா?" என்று கேட்டார். வயிற்று வலி என்றேன். அவர் லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன் என்றார். வேண்டாம் என்று நான் சத்தம் போட்டதில் மனுஷன் அரண்டுபோய்க் கிளம்பிவிட்டார். லீவு போட்டால் நான் எப்படிக் கேமரா முன்னால் உட்காருவது?

அந்த அதிகாரி இப்போது ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். "இறகு யார் கொடுத்தது? நீங்களா காட்டுக்குப் போனீங்க? பின்னாடி ஒரு ஆள் இருக்கணுமே. பேரைச் சொல்லிட்டா உங்க மேல கேஸ் குறையும்." நான் சொல்லவில்லை அக்கா. உன் பெயரை என் வாயால் எடுக்கவே இல்லை. நீ நிம்மதியாக இரு.

பதில் உடனே எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு விடுகிறேன்.

ராணி


ஆவடி
4.1.2025

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. தபால்காரர் இந்தத் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் நாகம்மாக்கா வாசலில் நின்று கேட்கிறார். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மாமா நன்றாக இருக்கிறாரா?

என் நகையெல்லாம் போய்விட்டது. விசாரணை முடியும் வரை அரசாங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அடகு வைத்து அவர் சொன்ன கணக்கில் போட்டேன். கழுத்தில் கவரிங் போட்டிருக்கிறேன். காவ்யா வேலப்பன்சாவடி காலேஜிலிருந்து வந்து என் கழுத்தையே பார்த்தாள். "எம்மா, செயின் எங்க?" என்றாள். பாலிஷ் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். பெற்ற பெண் நம்பாத பொய்யைச் சொல்கிறோமே என்று அவமானமாக இருந்தது.

புது வருஷத்தன்றைக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக அனுமதி கேட்டேன். பிள்ளையாரைக் கும்பிட ஒரு முகம் தெரியாத ஆளிடம் அனுமதி கேட்கிறேன், பார்த்தாயா? "போயிட்டு வாங்க. யார் கிட்டயும் நின்னு பேசாதீங்க" என்றார். நானும் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

அடுத்து மனைப் பத்திரம் கேட்கிறார். மேனாம்பேட்டில் கங்கா பெயரில் இருக்கும் அந்த ஒற்றை மனைதான் எங்களுக்கு இருப்பது. பொங்கல் கழிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கங்காவின் கையெழுத்து இல்லாமல் எப்படி என்று தெரியவில்லை. அதை நீங்களே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்கிறார்.

நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். எழுது.

ராணி


ஜபல்பூர்
12.1.2025

யுவராணிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நான் நலம். உன் மாமா நலம். நீ இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஜெயப்பிரியா


ஆவடி
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா முதுகு எப்படி இருக்கிறது? உனக்கு இப்போது சாப்பாடு இறங்குகிறதா? அன்று போனில் நீயும் அழுதாய், நானும் அழுதேன். இரண்டு பேரும் உருப்படியாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் விட்டதை எழுதுகிறேன்.

உன் பொங்கல் கார்டைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. எழுதாதே என்று சொன்னதற்காக இல்லை. காவ்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்காமல் நீ எழுதியதே கிடையாது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது என் அக்கா எழுதியது இல்லை, யாரோ கழுத்தில் கை வைத்து எழுத வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அன்று பகலில் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவர் "மேடம், மேடம்" என்று கூப்பிடக் கூப்பிட, செருப்புக்கூடப் போடாமல் நாகம்மாக்கா வீட்டுக்கு ஓடி அவர் போனில் உன் நம்பரைப் போட்டேன்.

மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு பெண் பேசினாள். போலீஸ், சி.பி.ஐ. என்று சொல்லி வீடியோ காலில் யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, அது மோசடி என்றாள். எனக்காகவே யாரோ உள்ளே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். "யாருக்கா இது?" என்று கேட்டேன். நாகம்மாக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "அத்த உடு. யாருக்குப் போட்டாலும் இந்தப் பொம்பளதான் மொதல்ல பேசுது. எந்நேரமும் கத்திகினே கீது, காது பூட்ச்சி" என்றார்.

ஊரே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதாம், அக்கா. போன் போடப் பயந்து நாம் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அதனால் நமக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

பிறகு உன் போனில் மணி அடித்தது. தண்ணீரில் விழுந்த போன். இரண்டு முறை அடித்து, யாரோ அணைத்தார்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவன் உன்னையும் கேமரா முன்னால் உட்கார வைத்திருக்கிறான், காலை அழைப்புக்குக் கத்துவார்கள் என்று நீ எழுதியது அதனால்தான். மாமாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வாசலில் போனைக் கையில் வாங்கியதும் அவர் கூப்பிட்டார். அவர் வீட்டுக்கு ஓடி, உன்னை என்னோடு பேச வைத்தது உனக்கே தெரியும்.

கங்காவிடம் சொன்னபோது அடிப்பார் என்றுதான் நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஊட்ல கீறோம். எங்கிட்ட சொல்லாம இத்தினி மாசம் எப்டி ராணி இருந்த?" என்று கேட்டுவிட்டு அழுதார். அப்புறம் என் போனை எடுத்து அந்த ஆளிடம், "யார்ரா நீ? இன்னா ஓணும் ஒனக்கு? ஆவடிக்கு வா, குந்திப் பேசலாம்" என்றார். அந்தப் பக்கம் கொடி, முத்திரை எல்லாம் சட்டென்று அணைந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

திறக்காமல் வைத்திருந்த செய்திகளைக் காவ்யா திறந்தாள். சிங்கப்பூர் அம்மா நவம்பரிலேயே படம் அனுப்பியிருக்கிறார். ஏதோ கச்சேரிக்குப் பனங்காடையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பார்சலை யாரும் பிரிக்கவே இல்லை. உள்துணிக்குக் கீழே இறகு இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். காவ்யா நம் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் நானே சிரித்துக்கொண்டு சொல்கிறேன்: "எங்க அக்கா ஊர் ஊராப் போயி எறகு பொறுக்கி அனுப்பும். உள்ள வெச்சித் தெச்சாத்தான் பறவைக்கு உசிரு." ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, நமக்குள்ளேதான் தெரியும் என்று நடுங்கியிருக்கிறேன்.

இனிதான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். உன் பெயரை எடுக்கவில்லை என்று டிசம்பரில் எழுதினேன். பொய். அந்தக் கடிதம் எழுதுவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். ஜெயப்பிரியா, என் கூடப் பிறந்த அக்கா, ஜபல்பூர் என்று சொன்னேன். அடிக்கவில்லை, உதைக்கவில்லை, வெறும் குரலுக்குப் பயந்து சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும்மா" என்றான்.

என்னால்தான் அவன் உன்னிடம் வந்தான். கார்டில் நீ அப்படி எழுதியது சரிதான். இனி எழுதாதே என்று நீ இப்போது சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

யுவராணி


ஜபல்பூர்
6.2.2025

என் யுவாவுக்கு,

கங்காதரனும் காவ்யாவும் சுகமா? காவ்யாவைக் கேட்டதாகச் சொல். கார்டில் கேட்காமல் விட்டது எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. அதை அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன எழுதுகிறேன் என்று கேமராவில் காட்டச் சொன்னான்.

நீ தேதியைப் பார்க்கவில்லை. பயத்தில் யார் பார்ப்பார்கள்? உன்னை அவன் கூப்பிட்டது நவம்பரில். என் போன் தண்ணீரில் விழுந்தது அக்டோபரில்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அவன் என்னிடம்தான் முதலில் வந்தான். அதே சட்டை, அதே கொடி. இறகு பொறுக்கியது நீதான், வீடியோவில் இருக்கிறது, யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டான். நீயாவது ஒரு மாதம் தாங்கியிருக்கிறாய். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். யுவராணி, என் தங்கச்சி, ஆவடி என்றேன். அவன் கேட்காமலே உன் நம்பரையும் சொன்னேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உன்னுடையதுதான். அப்பா பெயரைச் சொன்னதும், சிங்கப்பூர்க் கழுத்தணியைச் சொன்னதும் நான்தான்.

சொன்ன பிறகு உன் குரலைக் கேட்கப் பயந்துதான் போன் கெட்டுவிட்டது என்று எழுதினேன். உன்னை எச்சரித்திருக்கலாம். நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடுமே என்று இறகை எடுக்காதே, வீடியோவை எடு என்று சுற்றி வளைத்தேன். குளியலறையில் உட்கார்ந்து நீ எழுதிய கடிதம் வந்தது. என்ன செய்வது என்று என்னைக் கேட்டிருந்தாய். படித்துவிட்டு இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மாமா சளி என்று நினைத்து மாத்திரை வாங்கி வந்தார்.

டிசம்பரில் ஒரு காலை அவன், "உங்க தங்கச்சி உங்க பேரைச் சொல்லிட்டாங்க" என்றான். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி நான் மட்டும் குற்றவாளி இல்லை என்று இருந்தது. உனக்கு மூத்தவளாகப் பிறந்து, நீ என்னைக் காட்டிக்கொடுத்ததில் எனக்கு இப்படி ஒரு நிம்மதி. அதனால்தான் உன் டிசம்பர் கடிதத்துக்குப் பதில் எழுத முடியவில்லை. என் பெயரை எடுக்கவே இல்லை என்று நீ எழுதியிருந்தாய். பொய் என்று தெரிந்தும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

புகார் கொடுக்கப் போ. மாமா எனக்கு ஆவடிக்கு டிக்கெட் எடுக்கிறேன் என்கிறார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். எந்த முகத்தோடு வருவது? இறகைப் பற்றிக் கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு. இந்தத் தடவை தாராளமாகச் சொல்.

உன் அக்கா


ஆவடி
14.2.2025

அக்காவுக்கு,

நாங்கள் நலம். கங்காவுக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு. காவ்யா உன்னைக் கேட்டாள். மாமாவை முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. நம்பரைக்கூடவா சொல்வாய் என்று தனியாக உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். பாசித் தட்டைத் தள்ளிவிட்டேன், இன்னும் கட்டிலுக்கடியில் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு நாலு மாதம் உனக்குக் கடிதம் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நேற்று சைபர் கிரைம் அலுவலகத்துக்குப் போனேன். கங்கா லீவு போட்டுக் கூட வந்தார். நாம் சேர்த்து வைத்திருந்த இறகுகளையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கையில் எடுத்துப் போனேன். சில பறவைகளின் இறகை வைத்திருப்பது நிஜமாகவே தப்புதான் என்று காவ்யா படித்துச் சொன்னாள். அந்த ஆள் பொய், அவன் சொன்ன சட்டம் முழுப் பொய் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலில் ஒரு காக்கிச் சட்டை நின்றது. உள்ளே போங்கம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார். தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கங்கா ரோட்டில் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் தனியாகப் போக மாட்டேன். கங்கா கூட வந்தாலும் அது தனியாகப் போவதுதான், அந்தக் கேமரா முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. மாமாவிடம் டிக்கெட் எடுக்கச் சொல். எந்த முகத்தோடு வருவது என்று கேட்டாயே, இருக்கிற முகத்தோடு வா. என்னுடையது மட்டும் என்ன வாழ்கிறதாம்?

உள்ளே போனதும் அந்த அதிகாரி நம்மிடம் பெயர் கேட்பார். என் பெயரை நான் சொல்கிறேன். உன் பெயரை நீயே சொல்.

ராணி